படுத்து எழுந்த கணினி உள்ளே விட மறுத்தால்

மின்சாரம் போய் வந்த கால் மணி நேரத்தில் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: “கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது சார், பாஸ்வேர்டைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறது.” நேரில் போய்ப் பார்த்தால் கடவுச்சொல் கெட்டுப்போயிருப்பது அபூர்வம். விசைப்பலகை மொழி மாறியிருக்கும், கடிகாரம் பின்னால் போயிருக்கும், பயனரின் சொந்த அமைப்புக் கோப்பு பாதி எழுதிய நிலையில் நின்றிருக்கும். பழி மட்டும் கடவுச்சொல்லின் மேல்.

அதனால் “உள்ளே போக முடியவில்லை” என்ற ஒரே புகாரை, கணினி எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். கீழே இருப்பவை விண்டோஸ் 10, 11 ஓடும் மேசைக் கணினிகளுக்கானவை. லினக்ஸ் வகையான உபுண்டு வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இடம் வைத்திருக்கிறேன்.

கை வைக்கும் முன்

திரையில் வரும் அறிவிப்பைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். “ஏதோ இங்கிலீஷில் வந்தது” என்பதை வைத்து யாராலும் எதையும் சொல்ல முடியாது.

அடுத்து, உள்நுழைவுத் திரையின் வலது கீழ் மூலையில் உள்ள பவர் குறியை அழுத்தி ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். ‘ஷட் டவுன்’ கொடுத்துவிட்டு மறுபடி போடுவதும் இதுவும் ஒன்றல்ல. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒரு வசதி உண்டு. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், இயக்க முறையின் அடிப்பகுதி அப்படியே வட்டில் எழுதி வைக்கப்பட்டு, அடுத்த முறை அதுவே திரும்ப எடுக்கப்படும். குழம்பிய நிலை குழம்பியபடியே திரும்பும். ரீஸ்டார்ட் மட்டும்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

கடவுச்சொல்லை ஆத்திரத்தோடு இருபது முறை தட்டாதீர்கள். விண்டோஸ் 11-இன் 22ஹெச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவிய கணினிகளில் பத்து முறை தவறினால் கணக்கு பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும். அந்தப் பத்து நிமிடத்தில் சரியான கடவுச்சொல்லைப் போட்டாலும் கதவு திறக்காது.

‘ரீசெட் திஸ் பிசி’ என்ற பொத்தான் வழியில் இரண்டு மூன்று இடங்களில் கண்ணில் படும். அதன் பக்கமே போக வேண்டாம். கோப்புகளை வைத்துக்கொள்கிறேன் என்று அது சொன்னாலும், நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். கணக்கு மென்பொருளை மறுபடி நிறுவி, உரிமத்தை மறுபடி பெற்று, அச்சுப்பொறியை மறுபடி இணைத்து முடிக்க ஒரு நாள் ஓடிவிடும்.

சரியான கடவுச்சொல்லைத் தவறு என்கிறது

ஒரு அச்சகத்தில் யுபிஎஸ் கைவிட்டு, பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்த கணினி பட்டென்று நின்றுவிட்டது. திரும்ப வந்ததும் கடவுச்சொல்லை மறுத்தது. முதலாளி, மகன், தட்டச்சர் என்று மூன்று பேரும் முயன்று களைத்த பிறகு நான் போனேன். கடவுச்சொல் பெட்டியில் நாலு எழுத்து தட்டிவிட்டு, பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் குறியை அழுத்திப் பிடித்தேன். கரும்புள்ளிகள் விலகி, தமிழ் எழுத்துகள் வரிசையாக நின்றன. விசைப்பலகை தமிழில் இருந்திருக்கிறது. புள்ளியாகத் தெரியும்போது எந்த மொழிக்கும் ஒரே முகம்தான்.

வலது கீழ் மூலையில் மொழியின் சுருக்கப் பெயர் தெரியும். விண்டோஸ் பொத்தானை அழுத்தியபடி ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அது மாறும். தமிழில் தட்டச்சு செய்பவர்கள் வீட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஆங்கிலத்திலேயே அமெரிக்க அமைப்பு, பிரிட்டன் அமைப்பு என்று இரண்டு நிறுவப்பட்டிருந்தால் அதிலும் கோட்டை விடலாம். அட் குறியும் இரட்டை மேற்கோளும் ஒன்றுக்கொன்று இடம் மாறி உட்கார்ந்திருக்கும். கடவுச்சொல்லில் அட் குறி வைத்துக்கொள்ளாதவர்கள் யார்?

எண்களை வலப்பக்க எண் பலகையில் தட்டுபவர்கள் ‘நம் லாக்’ என்ற எண் பூட்டின் விளக்கைப் பாருங்கள். விண்டோஸுக்கு முன்பே எழும் மதர்போர்டின் அடிப்படை நிரலான பயாஸின் அமைப்பு பழைய நிலைக்குப் போயிருந்தால் ‘நம் லாக்’ அணைந்த நிலையில் தொடங்கலாம். அப்போது பெட்டியில் ஒரு புள்ளிகூட விழாது, அல்லது சில விழுந்து சில விழாது. மேல் வரிசை எண்களைத் தட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

விசைப்பலகையே உயிரில்லாமல் இருந்தால், கேபிளைப் பிடுங்கிப் பெட்டியின் பின்பக்கத்தில், மதர்போர்டில் நேராக இருக்கும் யுஎஸ்பி துளையில் செருகுங்கள். அப்போதும் அசையவில்லையா? மூலையில் மனித உருவம் போன்ற அணுகல் குறியை மவுஸால் அழுத்தினால் திரை விசைப்பலகை வரும். அதில் சொடுக்கியே உள்ளே போய்விடலாம்.

இன்னொரு வகை உண்டு. பதற்றத்தில் கைப்பேசி வழியாக மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றியிருப்பார்கள். கணினியோ இணையத்தில் இல்லை. அதற்குப் புதிய கடவுச்சொல் வந்த சேதியே தெரியாது, அது கடைசியாக அறிந்த பழையதைத்தான் கேட்கும். பழையதைப் போட்டு நுழையுங்கள். அல்லது உள்நுழைவுத் திரையிலேயே உள்ள நெட்வொர்க் குறி வழியாக இணைப்பைக் கொடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

திரையில் தேதி தவறு

பூட்டுத் திரையில் மணியும் தேதியும் இவ்வளவு பெரிதாகக் காட்டப்பட்டும் அதை யாரும் பார்ப்பதில்லை. சில ஆண்டுகள் பின்னால் இருந்தால், மதர்போர்டில் உள்ள வட்டமான மின்கலம் தீர்ந்துவிட்டது. சிஆர் 2032, 3 வோல்ட், கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். மின்சாரம் இருக்கும்வரை அதன் குறை தெரியாது. மின்சாரம் போன அன்றுதான் தெரியும்.

தேதி தவறினால் இணையம் வழியாகச் சரிபார்க்கும் எதுவும் நடக்காது, பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும். அலுவலக சர்வரில் நுழையும் கணினியாக இருந்தால் இன்னும் கண்டிப்பு: சர்வரின் கடிகாரத்துக்கும் இதற்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழக்கமான அமைப்பில், அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை அனுமதி தராது. பயாஸுக்குள் போய்த் தேதியைத் திருத்திவிட்டு மறுபடி முயலுங்கள். மின்கலத்தை அன்றே மாற்றிவிடுங்கள்.

பின் எண்ணைக் காணோம் என்கிறது

ஏதோ நடந்துவிட்டது, உங்கள் பின் இப்போது இல்லை என்ற பொருளில் ஆங்கில அறிவிப்பு வரும். பின் எண் இணையத்தில் இருப்பதல்ல. அது அந்த ஒரு கணினியோடு, பெரும்பாலும் அதன் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு, கட்டப்பட்டது. மின்கலம் தீர்ந்து பயாஸ் பழைய நிலைக்குப் போனால் சில மதர்போர்டுகளில் டிபிஎம் அணைந்துவிடும். பயாஸில் அதை மறுபடி இயக்கினால் பின் தானாகத் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்டெல் பலகைகளில் அதற்கு பிடிடி என்று பெயர், ஏஎம்டியில் எஃப்டிபிஎம்.

அது வரவில்லை என்றாலும் கவலை இல்லை. ‘சைன்-இன் ஆப்ஷன்ஸ்’ என்பதை அழுத்தி, சாவி வடிவக் குறியைத் தேர்ந்து, கடவுச்சொல்லால் நுழைந்து, செட்டிங்ஸில் பின்னை நீக்கிப் புதிதாக வைத்துக்கொள்ளலாம். தினமும் பின் போட்டுப் பழகியவர்களுக்குக் கடவுச்சொல் மறந்திருக்கும் என்பதுதான் இதில் உள்ள உண்மையான சிக்கல்.

ஏஎம்டி கணினிகளில் தொடக்கத்திலேயே, எஃப்டிபிஎம் பழுதாகிவிட்டது, அழிக்க ‘ஒய்’ எழுத்து, வைத்துக்கொள்ள ‘என்’ எழுத்து என்று கேட்கும் ஒரு கருப்புத் திரை வரலாம். வட்டு பூட்டப்பட்டிருக்கிறதா என்று தெரியாதவரை ஒய் பக்கம் விரலைக் கொண்டு போகாதீர்கள். காரணம் அடுத்த பகுதியில்.

நீலத் திரையில் 48 இலக்கம் கேட்கிறது

இது நுழைவுத் திரை அல்ல. அதற்கும் முந்திய வாசல். பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு, தான் நேற்றுப் பார்த்த கணினியா இது என்று சந்தேகப்படுகிறது. பயாஸ் மாறினாலும் டிபிஎம் அழிந்தாலும் மதர்போர்டை மாற்றினாலும் கேட்கும். “நான் பூட்டு எதுவும் போடவே இல்லையே” என்பார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த புதிய கணினிகளில் பல தாமாகவே வட்டைப் பூட்டிக்கொள்கின்றன.

அப்படிப் பூட்டியவற்றின் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். கைப்பேசியில் அந்தக் கணக்குக்குள் போய், சாதனங்கள் பட்டியலில் பிட்லாக்கர் மீட்புச் சாவியைத் திறந்தால், ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள் தெரியும். ஒன்றுக்கு மேல் சாவி இருந்தால், நீலத் திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்தை ஒப்பிட்டு எடுங்கள். அலுவலகக் கணினி என்றால் கணினிப் பிரிவிடம் கேளுங்கள். சாவி எங்குமே இல்லையென்றால் தரவு கிடைக்காது. கிடைக்கச் செய்கிறேன் என்று முன்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு தவறான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. மருந்து எளியது: அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் சேஃப் மோடில் போய் ஒரே ஒரு கோப்பை நீக்க வேண்டும். ஆனால் வட்டு பூட்டிய கணினிகளில் அதற்கு முன் இந்த 48 இலக்கத்தைக் கையால் தட்ட வேண்டியிருந்தது, ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக. விமான நிலையங்கள் அவ்வளவு நேரம் தவித்ததில் இந்த இலக்கங்களுக்கும் பங்கு உண்டு.

‘வெல்கம்’ என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது

கடவுச்சொல் ஏற்கப்பட்டுவிட்டது, பின்னால் ஏதோ முடியவில்லை. பெட்டியின் முன்பக்கத்தில் வட்டு விளக்கைப் பாருங்கள். துடித்துக்கொண்டிருந்தால் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பாதியில் நின்ற புதுப்பிப்பை அது பின்வாங்கிக்கொண்டிருக்கலாம். விளக்கு அசையாமல் இருந்தால் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். கிடைக்காத நெட்வொர்க் டிரைவுக்காகக் காத்திருந்த கணினி சட்டென்று உள்ளே விடும்.

அப்படியும் நகரவில்லை என்றால் சேஃப் மோட். உள்நுழைவுத் திரையில் ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலத் திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பிறகு வரும் பட்டியலில் 4 அல்லது, இணையமும் வேண்டுமென்றால், 5. மூன்று முறை பவர் பொத்தானை அழுத்தி அணைத்தால் இந்தத் திரை தானே வரும் என்று பலர் சொல்லித் தருகிறார்கள். வரும்தான். ஆனால் திடீரென நின்றதால் அடிபட்ட வட்டை இன்னும் மூன்று முறை அடிப்பது எனக்குப் பிடிப்பதில்லை. நுழைவுத் திரையே வராதபோது மட்டும் அந்த வழி.

சேஃப் மோடில் பின் எண் பல கணினிகளில் எடுபடாது, கடவுச்சொல்லைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய்விட்டால், அண்மையில் நிறுவிய வைரஸ் எதிர்ப்பு மென்பொருள், புதிய டிரைவர் ஆகியவற்றை நீக்கிப் பாருங்கள். கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான கமாண்ட் ப்ராம்ப்டை நிர்வாகியாகத் திறந்து, ஆங்கிலத்தில் எஸ், எஃப், சி என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, முன்சாய்ந்த கோடு, அதோடு ஒட்டி ஸ்கேன்நவ் என்று தட்டினால் விண்டோஸ் தன் கோப்புகளைத் தானே சரிபார்க்கும்.

உள்ளே போனால் மேசை காலி

எனக்கு வரும் அழைப்புகளில் அழுகையோடு வருவது இது ஒன்றுதான். நுழைந்தாகிவிட்டது, ஆனால் மேசையில் எதுவும் இல்லை. படங்கள் இல்லை, ஆவணங்கள் இல்லை, பின்னணிப் படம்கூட மாறியிருக்கிறது. “எல்லாம் அழிந்துவிட்டது” என்பார்கள். அழியவில்லை. விண்டோஸ் உங்களை ஒரு தற்காலிகக் கணக்கில் உட்கார வைத்திருக்கிறது.

ஒவ்வொரு பயனருக்கும் அவருடைய கோப்புறையில் என்டியூசர் டாட் டிஏடி என்ற மறைகோப்பு ஒன்று உண்டு. உங்கள் அமைப்புகள் அத்தனையும் அதில். நீங்கள் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் அது திறந்தே கிடக்கும், மாற்றங்கள் நினைவகத்தில் சேர்ந்து அவ்வப்போது வட்டுக்குப் போகும். அந்த எழுத்தின் நடுவில் மின்சாரம் போனால் கோப்பு அரைகுறையாகிவிடும். கூடவே ஒரு பதிவுக்கோப்பு இருப்பதால் பெரும்பாலும் தானாக ஒட்டிக்கொள்ளும். சில சமயம் ஒட்டாது. அப்போதுதான் இந்தக் காலி மேசை, அல்லது பயனர் விவரத்தை ஏற்ற முடியவில்லை என்ற அறிவிப்போடு கதவடைப்பு.

இந்தத் தற்காலிக மேசையில் எதையும் சேமிக்காதீர்கள். வெளியேறியதும் அது துடைக்கப்படும். முதலில் சி டிரைவில் யூசர்ஸ் கோப்புறைக்குள் உங்கள் பெயரைத் திறந்து பாருங்கள். உங்கள் கோப்புகள் அங்கேயே இருக்கும். முக்கியமானவற்றைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தாலே பல நேரம் பழைய மேசை திரும்பிவிடும்.

திரும்பவில்லை என்றால், விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறக்க வேண்டும். கை நடுங்குகிறவர்கள் பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரண்ட்வெர்ஷன் என்று இறங்கி, புரொஃபைல்லிஸ்டில் நில்லுங்கள். எதையும் தொடும் முன் அதன் மேல் வலச்சொடுக்கி, ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட பெயர்கள் இருக்கும். ஒரே பெயர் இரண்டு முறை இருந்து, ஒன்றின் வாலில் மட்டும் புள்ளியும் பிஏகே என்ற மூன்று ஆங்கில எழுத்தும் இருக்கிறதா? அந்த வால் உள்ளதுதான் உங்கள் அசல் கணக்கு. அதன் புரொஃபைல்இமேஜ்பாத் வரியில் உங்கள் கோப்புறையின் பெயர் தெரியும், மற்றதில் ‘டெம்ப்’ என்று இருக்கும்.

வாலில்லாததன் பெயரோடு எதையாவது சேர்த்து மாற்றுங்கள். வால் உள்ளதன் வாலை வெட்டுங்கள். பிறகு அதில் ரெஃப்கவுண்ட், ஸ்டேட் என்ற இரண்டு மதிப்புகளையும் பூஜ்யமாக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். வாலோடு ஒன்று மட்டுமே இருந்தால், வாலை வெட்டிவிட்டு அதே இரண்டு மதிப்புகளைப் பூஜ்யமாக்கினால் போதும்.

இதற்குப் பிறகும் காலி மேசையே வந்தால் என்டியூசர் கோப்பு மீளாத அளவுக்குக் கெட்டிருக்கிறது. புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி, பழைய கோப்புறையிலிருந்து ஆவணம், படம், மேசை ஆகியவற்றை மட்டும் நகலெடுங்கள். என்டியூசர் என்று தொடங்கும் எதையும் எடுக்காதீர்கள், நோயையும் சேர்த்துக் கொண்டுபோவீர்கள்.

எந்தக் கணக்கிலும் நுழையவே முடியவில்லை, வட்டு பூட்டப்படவும் இல்லை என்ற நிலையில் எனக்குப் பிடித்த குறுக்குவழி ஒன்று: முன்பு சொன்ன அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ‘நோட்பேட்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். நோட்பேடில் ஃபைல், ஓப்பன் கொடுத்து, கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ தேர்ந்தால், அந்தச் சின்ன ஜன்னலே ஒரு கோப்பு மேலாளராகிவிடும். வலச்சொடுக்கி நகலெடுத்துப் பென் டிரைவில் ஒட்டலாம். சி டிரைவ் அங்கே டி என்றோ இ என்றோ பெயர் மாறித் தெரியலாம், திகைக்க வேண்டாம். வட்டிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் பழுதுபார்க்கும் கட்டளை எதையும் ஓட்டாமல், முதலில் இதைச் செய்யுங்கள்.

கருப்புத் திரையில் அம்பு மட்டும்

விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பீப் ஒலியோடு, திரையை இயக்கும் டிரைவர் புதிதாகத் தொடங்கும். பயனில்லையென்றால் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘ரன் நியூ டாஸ்க்’ பெட்டியில் எக்ஸ்ப்ளோரர் டாட் இஎக்ஸ்இ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். மேசை வந்துவிட்டால், கணினி நலமாகத்தான் இருந்தது, மேசையை விரிக்கும் நிரல் மட்டும் எழவில்லை.

அலுவலக சர்வர் ‘நம்பிக்கை போய்விட்டது’ என்கிறது

கோளாறுக்குப் பின் யாராவது சிஸ்டம் ரீஸ்டோர் செய்திருப்பார்கள். சர்வரோடு இணைந்த கணினிக்கும் தனியாக ஒரு கடவுச்சொல் உண்டு. நமக்குத் தெரியாமலே வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை அது மாறும். ரீஸ்டோர் செய்ததும் கணினி பழைய கடவுச்சொல்லோடு சர்வர் முன் போய் நிற்கிறது. கேபிளைப் பிடுங்கிவிட்டு உங்கள் பெயரில் முயலுங்கள். முன்பு நுழைந்தவர்களின் விவரம் கணினியில் பதிந்திருப்பதால் பெரும்பாலும் உள்ளே விடும், அவசர வேலையை முடித்துக்கொள்ளலாம். பிணைப்பைப் புதுப்பிக்க சர்வர் நிர்வாகிதான் வர வேண்டும்.

உபுண்டுவில் திரும்பத் திரும்ப நுழைவுத் திரை

கடவுச்சொல்லை ஏற்று, ஒரு கணம் இருண்டு, மறுபடி நுழைவுத் திரைக்கே வருகிறதா? கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் வெறும் எழுத்துத் திரை வரும். அங்கே அதே பெயரும் கடவுச்சொல்லும் வேலை செய்தால் கோளாறு கடவுச்சொல்லில் இல்லை. நான் பார்த்தவற்றில் அதிகம் வட்டு நிரம்பியதுதான். செயலிழந்த நிரல் பதிவேடுகளை எழுதித் தள்ளியிருக்கும், நுழைவுக்கு வேண்டிய சின்னக் கோப்பை உருவாக்கக்கூட இடம் இருக்காது. வீட்டுக் கோப்புறையில் பதிவிறக்கத்தில் கிடக்கும் பெரிய கோப்பு ஒன்றிரண்டை நீக்கிவிட்டு, கணினியை ரீஸ்டார்ட் செய்து நுழைந்து பாருங்கள்.